அடையொட்டி

குளிப்பாட்டுவதற்காகக் கழற்றிய அப்பாவின் பேண்டைக் குளியலறை மூலையில் போட்டிருந்தார்கள். அதைச் சுருட்டி எடுத்தபோது சாந்தகுமாரியின் கட்டைவிரலில் ஏதோ கொக்கி போட்டது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமெல்லாம் முள் உருண்டைகள். சுண்டைக்காய் அளவு.

அன்று ஞாயிறு. அப்பா மாசிலாமணி காலை பதினொன்றரைக்கு வெளியிலிருந்து வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர், இருபத்தெட்டு வருஷம் பெரும்பாலும் நைட் டியூட்டி. யாருக்கும் தொந்தரவு வைக்காத சாவு.

"குமாரி, இங்க வா." பூவராகவன் மாமா அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மாவின் தம்பி. "நாலரைக்கு எடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. ஞாயித்துக்கெழமையானா தமிழ்ச் சங்கத்துக்குன்னு கெளம்புவாரே அத்தான், சங்கத்துல அவர யாருமே பாத்ததில்லையாம்."

"அப்ப எங்க போனாராம்?"

"மதராசி கேம்ப் குடிசையில ஒருத்தி இருக்கான்னு பேச்சு. நெசமோ பொய்யோ. இருந்தா அவளுக்கும் ஆள் அனுப்பணும். மொகத்தக் காட்டாம எடுத்தா பாவம்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அக்காகிட்ட யாரு கேக்கறது? நீதான் மூத்தவ. அனுப்பணுமா வேணாமா, ஜல்தி சொல்லு."

பின்பக்கத்தில் அருக்காணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேம்ப்பிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவள். சாந்தகுமாரி கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. பேண்டை நீட்டினாள்.

"இந்த முள்ளு ஒங்க கேம்ப்புச் சாக்கடை நாலா ஓரத்துல இருக்கா?"

அருக்காணி ஒன்றைப் பிய்த்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"இது அடையொட்டிங்க. நாலா ஓரத்துது வேற. புளியங்கொட்டையாட்டம், கெட்டியா இருக்கும். இதுக்கு நெழலு வேணும், கல்லுத்தரை வேணும். மலைக்கோயிலுக்குப் பின்னால முள்ளுமரத்தடியில கெடக்கு. சுள்ளி பொறுக்கப் போனா சீலைய விடாது."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டையும் பிச்சுப் பிச்சுக் காச்சுப்போன கைங்க." மறுபடி அண்டாவுக்குத் திரும்பினாள். "நீங்க கேக்க வந்தது முள்ளப் பத்தி இல்ல. அதுக்கு நான் பதில் சொன்னா நம்ப மாட்டீங்க. போயிப் பாத்துட்டு வாங்க."

குவார்ட்டர்ஸிலிருந்து பத்து நிமிஷ நடை. தீட்டோடு கோயில் படியை மிதிக்கக்கூடாது என்று அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்பக்கம் பாறை, அதைத் தாண்டினால் முள்மரங்கள். வெயில் விழுந்த இடத்தில் வெறும் காய்ந்த புல். நிழலுக்குள் நுழைந்ததும் அடையொட்டி முழங்கால் உயரத்துக்கு நின்றது, புடவையைப் பிடித்து இழுத்தது.

நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குச் செடிகள் படுத்துக் கிடந்தன. அதன்மேல் அச்சகத்தில் கழித்த புரூஃப் தாள்கள், ஓரமெல்லாம் அப்பாவின் சிவப்பு மைக் குறிகள். தலைமாட்டில் இரண்டு செங்கல். செங்கல்மேல், தீபாவளியிலிருந்து அம்மா தேடிக்கொண்டிருக்கும் பச்சைக்கரைத் துண்டு. துண்டின் நடுவில் தலை அளவுக்கு ஒரு பள்ளம்.

வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர். ரேடியோ, குக்கர், அவளுடைய இரண்டு பிள்ளைகளின் கூச்சல். சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வந்து தூங்கியிருக்கிறார். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டு தூங்கவா மனிதர் பொய் சொன்னார்? சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. யாருமில்லாததால் சத்தமாகவே சிரித்தாள்.

துண்டை எடுக்கவில்லை.

வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். "என்ன, ஆள் அனுப்பவா?"

"வேணாம் மாமா. சொல்ல வேண்டியவங்க வேற யாருமில்ல. எடுக்கலாம்."

அவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வேனுக்குச் சொல்லப் போனார்.

உள்ளே போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மா குனிந்து பார்த்தாள். மகளின் புடவைக் கரையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முள்ளை ஒவ்வொன்றாகப் பிய்த்து இடது உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தாள். பழகிய விரல்கள். ஒரு நூல்கூட இழுபடவில்லை.

"அங்க வெயிலாடி?" என்றாள், தலை நிமிராமல்.

"இல்லம்மா. நல்ல நெழல்."

அம்மா தலையசைத்துவிட்டு அடுத்த முள்ளைப் பிய்த்தாள்.