பின்பக்கமாக வந்த இரண்டு சைபர்

தன் நம்பரை எனக்குக் காட்டுவதற்காகவே ஒரு லாரி கொடும்பாளூரிலிருந்து விராலிமலை வரை பின்பக்கமாக ஓடி வந்தது. மந்திரிகளுக்குக்கூட வண்டிகள் முன்பக்கமாகத்தான் வருகின்றன. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். காத்திருப்பதில் எனக்கு இரண்டு வருடம் நாலு மாதப் பழக்கம் உண்டு.

என் பெயர் சோலையப்பன். சமஸ்தானம் இருந்த காலந்தொட்டு குளத்தூர் தாலுகாவில் அம்மை குத்தியவன். பத்து லட்சம் கை என்று நான் சொல்வேன். ஒரு சைபரைத் தள்ளுங்கள் என்பாள் என் மனைவி ராக்காயி. நான் தெருவில் நுழைந்தால் ஊரே கதவைச் சாத்தும். மலைமேல் மயில்கள் இறக்கையை ஒளித்துக்கொள்ளும். பென்ஷன் வாங்கிய மறுநாள் அதே தெருவில் நடந்தேன். ஒரு கதவுகூடச் சாத்தவில்லை. திறந்து வைத்துக்கொண்டு, "வாங்க, காப்பி சாப்புடுறீங்களா?" என்று கேட்டார்கள். இதைவிட அவமானம் உண்டா?

அந்த வாரம்தான் நம்பர் பார்க்க ஆரம்பித்தேன். திருச்சி–மதுரை ரோட்டில் போகும் மோட்டார் வண்டிகளின் நம்பரில் கடைசி இரண்டு எண் மட்டும். முதலில் 01-இல் முடிகிற வண்டி. அதைப் பார்த்தால்தான் 02. இரண்டுக்காகக் காத்திருக்கும்போது மூன்று வந்து பல்லைக் காட்டினாலும் செல்லாது. இப்படியே 99 வரை. நூறாவதாக இரண்டு சைபர்.

பார்க்கும் இடம், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஜெகபர் அலி வைத்திருந்த சைக்கிள் கடை பெஞ்சு. அவர் கோட்டைப்பட்டினத்துக்காரர். தேறாத டியூபைத் தேறும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னால் கோர்ட்டே எழுதிக்கொள்ளும். நான் சொன்னால் ராக்காயிகூட எதிர்வீட்டில் போய் விசாரித்துவிட்டு வருவாள். 01-ஐப் பார்த்த அன்றே அவர் சட்டம் போட்டுவிட்டார்.

"சோலையப்பண்ணே, நீங்க மட்டும் பாத்தா கணக்குல வராது. நானும் என் கண்ணால பாக்கணும்."

"ஏன் ராவுத்தரே, என் கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வாயிதான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி என்றேன். நூறும் முடிந்து, அந்த வாயால் ஒரே ஒரு தடவை "ஆமா, நடந்துச்சு" என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். பென்ஷனுக்குப் பிறகு எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பட்ட பாடு இருக்கிறதே! ரத்தினவேல் ஓட்டிய பஸ் 14-இல் முடியும். எனக்கு 14 தேவைப்பட்ட வாரம் முழுக்க அது பட்டறையில் கிடந்தது. வேறொரு 14 கிடைத்து நான் 15-க்குப் போன மறுநாளே வந்து, தினம் இரண்டு தடவை என் மூக்குக்கு நேரே ஹார்ன் அடித்தது. 37 வந்தபோது அலி தொழுகைக்குக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். 58 நாற்பத்தொரு நாள் வரவேயில்லை. நாற்பத்திரண்டாம் நாள் வந்தது, நம்பரை மூடி வைக்கோல் தொங்க. பின்னாலேயே ஒரு பர்லாங் ஓடி வைக்கோலைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், "நான் பாத்தது வைக்கலு. வேணும்னா அதுக்கு ஒரு நம்பர் போட்டுக்கங்க" என்கிறார்.

ஐம்பத்தாறாம் வருடம், கத்திரி வெயிலில், 99 முடிந்தது. இனி இரண்டு சைபர்தான். இனிப்பு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அவரும் இனிப்போடு நின்றார். ஹஜ்ஜுக்குப் போக அவருக்கு இடம் கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை காலை மதுரையிலிருந்து வரும் பஸ்ஸில் திருச்சி, அங்கிருந்து ரயில், பம்பாயில் கப்பல்.

"எப்ப வருவீங்க?"

"அல்லா நாடுனா நாலு மாசம்."

எனக்கு இனிப்பு கசந்தது. கடல் தாண்டிப் போகிற மனுஷன். எனக்கும் சர்க்கரை வியாதி. நாலு மாதத்தில் யார் இருப்போமோ? சாட்சி போய்விட்டால் இரண்டு சைபர் வந்தென்ன, வராமல் என்ன?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது வந்தது. சண்டைக்குப் போய் ஓய்ந்த பழைய மிலிட்டரி லாரி. தெற்கே செங்கல் ஏற்றப் போகிறது. எப்போதோ புளியமரத்தில் முட்டி முன்பக்க நம்பர் தகடு போய்விட்டது. அது கடந்து போன பிறகுதான் பின்பக்கத் தகட்டைப் பார்த்தேன். 4700!

"ராவுத்தரே! ரெண்டு முட்டை! ரெண்டு முட்டை!"

அவரோ காய்கறி விற்கிற பொன்னுத்தாய் முன்னால் தலையைக் குனிந்து கைகட்டி நின்றார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பழகியவர்களிடமெல்லாம் மாப்பு கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பொன்னுத்தாய், "நீங்க என்னத்த பெரிசா செஞ்சுட்டீங்க" என்று சாவகாசமாக யோசித்து, ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு சுரைக்காயை ஞாபகப்படுத்தி, அப்புறம் மன்னித்தாள். அலி நிமிர்ந்தபோது ரோட்டில் புழுதிதான் இருந்தது.

"நான் பாக்கலண்ணே."

"நான் பாத்தேன்ல? ஒத்துக்கங்க."

"ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல பொய்ச் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?"

வியாழக்கிழமை என் வீட்டுக்கே வந்தார். "என்னால ஒங்க மனசு நொந்திருந்தா மாப்புக் குடுங்கண்ணே."

"நொந்துதான் இருக்கு. அந்த ரெண்டு சைபரை ஒத்துக்கங்க, மன்னிக்கிறேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்படியே படி இறங்கிப் போய்விட்டார். ராக்காயி கரண்டியோடு வந்தாள். "புண்ணியத்துக்குப் போற மனுசன வெறுங்கையோட அனுப்புறீங்களே, ஒரு லாரி நம்பருக்கா? ஒங்களுக்கெல்லாம் அம்மையக் குத்துனது பத்தாது, புத்தியக் குத்தியிருக்கணும்!"

வெள்ளிக்கிழமை காலை பாதி ஊர் ரோட்டில் நின்றது. நானும் போனேன், கொஞ்சம் தள்ளி. ஒன்பது மணி பஸ் பத்தாகியும் வரவில்லை. ரயிலை விட்டால் கப்பலும் போச்சு. அலி ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் வருவதற்குள் வழியனுப்பும் பிரார்த்தனையை, துஆவை, முடித்துவிடலாம் என்று பள்ளிவாசல் லெப்பை கையேந்தினார். கூட்டம் ரோட்டை அடைத்து, மேற்கே பார்த்துக் கையேந்தி நின்றது. அலி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அப்போது தெற்கே தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அதே மிலிட்டரி லாரியின் பின்புறம் முன்னால் வந்துகொண்டிருந்தது! கொடும்பாளூரில் கியர் உடைந்து ரிவர்ஸ் தவிர எதுவும் விழவில்லையாம். நம் ஊர்ப் பட்டறைக்கு அப்படியே வருகிறது. டிரைவர் இடுப்புவரை வெளியே தொங்கினார். கிளீனர் தகரத்தைத் தட்டி வழிவிலக்கிக்கொண்டு நடந்தார். முந்த வழியில்லாமல் மதுரை பஸ் அதன் மூக்கோடு மூக்காக ஊர்ந்தது.

துஆ நடப்பதைக் கண்டு கிளீனர் தகரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினார். லாரி நின்றது, அலியிடமிருந்து பத்தடியில். தகடு முழுக்கச் சேறு! லெப்பை கடலுக்குக் கேட்டார், காற்றுக்குக் கேட்டார், பம்பாய்க்குக் கேட்டார். எனக்கு உயிர் துடித்தது. மெல்ல நழுவிப் போய் என் தோள் துண்டால் தகட்டைத் துடைத்தேன். நான் அம்மை குத்தாத கையே அங்கே இல்லை. அத்தனை பேரும் ஏந்திய கையோடு ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தார்கள்.

"ஆமீன்" என்றது கூட்டம்.

அலி கண்ணைத் திறந்தார். பஸ்ஸைத் தேடி இடது பக்கம் திரும்பினார். முன்னால் லாரியின் முதுகு. அதில் 4700. பக்கத்தில் சேற்றுத் துண்டோடு நான்.

கிட்டே வந்தார். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கடைசி சைபரை விரலால் தேய்த்தார், பெயிண்டு ஈரமா என்று. விரலில் ஒட்டவில்லை. அடுத்த சைபரையும் தேய்த்தார். குனிந்து, லாரியின் மறுமுனையில் பஸ் நிற்பதையும் டிரைவர் கழுத்தைத் திருப்பி வைத்திருப்பதையும் பார்த்தார்.

"இது எங்கேருந்து இப்படி வருது?"

"கொடும்பாளூருலேருந்துங்க" என்றார் கிளீனர்.

அலி நிமிர்ந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு சைபரு. நூறும் நடந்துச்சு, என் கண்ணால பாத்தேன். அதுவும் இந்த மனுசனுக்காக ரிவர்ஸுலயே வந்துச்சு, அதுக்கும் நானே சாட்சி. போதுமாண்ணே? இப்பவாச்சும் மன்னிச்சு விடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு!"