வேப்பிலை கட்டிய குழாய்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குழாயிலிருந்து கிடைத்தது. கள்ளிக்குப்பத்தில் காரை ரிப்பேருக்கு விட்டிருந்தேன். மெக்கானிக், "காத்து இழுக்கிற கொயாய நீளமா மாத்தினா, மெதுவா போறப்பகூட வண்டி நல்லா இழுக்கும் சார்" என்றார். கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், என்ன கிரகமோ, அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு யுத்த காலத்துக்குப் போய்விட்டேன். பெட்ரோல் கிடைக்காமல் கார்கள் கரி அடுப்பைச் சுமந்து அதன் புகையில் ஓடிய காலம்.

2

தொடக்கம் ஒன்று: "கோதண்டத்துக்கு மணலைக் கண்டாலே ஆகாது. ஏனென்றால்—"

வேண்டாம். நேரே சொல்கிறேன். கோதண்டம் திருவேற்காட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கூவம் ஆற்று மணலில் இறங்கினால் கரி வண்டி திணறி நின்றுவிடும். ஏறியவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கித் தள்ளுவார்கள். மானம் போகிறதென்று காற்றுக் குழாயை நீளமாக, ஒடுக்கமாக மாற்றி, அதன் வாயை வண்டியின் முன்னால் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்கு வண்டி மணலில் எருமை மாதிரி நிதானமாக ஏறியது. கோதண்டம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

(இங்கேயே முடித்திருக்கலாம். எனக்குப் புத்தி வரவில்லை.)

3

அவன் மகள் நாகவல்லிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. (மூச்சுக்குத் திணறும் குழந்தை, மூச்சுக்குத் திணறும் வண்டி. பொருத்தம் கொஞ்சம் ஓவர், தெரிகிறது. கால் உடைந்ததாக மாற்றிப் பார்த்தேன். கால் உடைந்தால் இவ்வளவு அவசரமில்லை.) ஆற்றைக் கடந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புறப்படுமுன் மனைவி சொர்ணம் அம்மனை வேண்டி, ஒரு கொத்து வேப்பிலையை மஞ்சள் துணியில் சுற்றி வண்டியின் முகப்பில் இறுக்கிக் கட்டினாள். கட்ட வாகாக நீட்டிக்கொண்டிருந்தது அந்தக் குழாயின் வாய்தான்.

கோதண்டம் அதைப் பார்த்தான்.

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம். குழாயைச் செய்தவனுக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளை இப்படிக் கிடக்கும்போது அம்மனுக்குக் கட்டியதை அவிழ்க்க அவனுக்குக் கை வரவில்லை. எனக்கும் வந்திருக்காது. இலைதானே, சந்தில் காற்று புகும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

4

நடு மணலில் வண்டி நின்றுபோனது. கோதண்டம் குதித்து முன்னால் ஓடினான்.

"கை வெக்காத! ஆத்தாளுக்குக் கட்னது!"

"காத்து போவலடி சொர்ணம். இத்த எடுத்தாத்தான் வண்டி நவுரும்."

"எடுத்து, புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்சின்னா? நீதான் கொன்னன்னு சொல்லுவேன். சாவுற வரிக்கும் சொல்லுவேன்."

அவள் மடியில் நாகவல்லியின் நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழுந்தது.

5

முடிவு ஒன்று: எடுத்தான். வண்டி ஏறியது. அக்கரையில்—

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அக்கரையில் வேலப்பன்சாவடி வருவதற்குள்—

இரண்டிலும் குழந்தை பிழைக்கவில்லை. பிழைக்கட்டும் என்று மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம்.

அதனால் நிறுத்திவிட்டேன். கோதண்டத்தின் கை முடிச்சின்மேல் இருக்கிறது. நான் எழுதாதவரை நாகவல்லிக்கு மூச்சு இருக்கிறது. இல்லை, முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால், அந்த முடிச்சை நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள். அவிழ்க்கிறவரிடம் சொர்ணம் என்ன சொல்வாள் என்பதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.