அடுப்புக்கு மேலே ஒட்டிய தாள்

1

1931 மார்ச், ஒரு புதன்கிழமை, திருவொற்றியூர் ஆலைச் சங்கு ஊதிப் பத்து நிமிடம். கெங்கம்மாவின் வலது கை வெந்தது அப்போதுதான். இந்தக் கதை அந்தக் கையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, நான் எழுதிய ஒரு தாள்.

ஆலையின் நலக் கமிட்டிக்காக எழுதியது: ‘இல்லத்தில் விபத்தைத் தடுக்கப் பன்னிரண்டு விதிகள்’. முதல் விதி, அடுப்பருகே காகிதம், துணி முதலியவற்றை வைக்கலாகாது. பன்னிரண்டாவது, இத்தாளைச் சமைப்பவர் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும்.

(நடுவில் பத்து விதிகள். அவ்வளவு தொலைவு என் பார்வை எட்டவில்லை. கமிட்டியில் ஏழு பேர் கையெழுத்திட்டார்கள், அவர்களுக்கும் எட்டவில்லை.)

ஆலைத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் வீடு என்றால் ஓர் அறை. சமைப்பவர் கண்ணில் படும் சுவர் ஒன்றே. அது அடுப்புக்கு மேலே இருக்கிறது. லைன் மேஸ்திரி ஞானதுரை நாற்பது வீட்டிலும் பசை தடவி அங்கேயே ஒட்டினார்.

சோற்றுப் பானையின் ஆவியில் பசை இளகியது. தாள் அடுப்பில் விழுந்து பற்றியது, எழும்பியது, பாயில் கிடந்த குழந்தையின் பக்கம் சரிந்தது. கெங்கம்மா எரியும் தாளைக் கையால் பிடித்துக் கசக்கினாள். குழந்தை விழிக்கவில்லை.

2

விதிகளின் இரண்டாம் பதிப்பில் இதை ஒரு கதையாகச் சேர்க்கச் சொன்னார் கமிட்டிச் செயலாளர். காரணம் தெளிவாக இருக்கவேண்டும். ‘கவனக்குறைவு’ என்று அச்சானால் லைன் சட்டப்படி கெங்கம்மாவும் கணவனும் குழந்தையும் ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

தொடக்கங்கள்:

‘கெங்கம்மா என்னும் அசட்டையான பெண்’ [அடித்துவிட்டேன். அசட்டையானவள் என்றால் குழந்தை வெந்திருக்கும்.]

‘பலத்த காற்று வீசிய ஒரு காலையில், ஜன்னல் வழியாக’ [செயலாளர் அடித்தார். அறையில் ஜன்னல் கிடையாது. கிடையாது என்று அச்சிடவும் கூடாதாம்.]

‘பன்னிரண்டாம் விதியின்படி’ [இதை நான் யாருக்கும் காட்டவில்லை.]

3

பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தால் நேரில் பார்த்துவிடுவது நல்லது. போனேன். வாழையிலை சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். என் சிக்கலைக் கேட்டதும் உடனே வழி சொன்னாள்.

“பூனை தட்டி வுட்ச்சின்னு எழுதிடு நைனா. அதுக்கு இன்னா, வேலையா வூடா? ஒண்ணும் போவாது.”

நல்ல யோசனை. வேகமாக இரண்டு பக்கம் எழுதினேன். பூனை நன்றாக வந்திருந்தது. செயலாளர் படித்துவிட்டு, லைனில் பிராணி வளர்க்கத் தடை உண்டு, ஆகவே இவள்மீது இப்போது இரண்டு குற்றம் என்றார். மறுநாள் போய் அதைச் சொன்னேன்.

“இல்லாத பூனைக்கும் நாந்தான் ஜவாப்பா?” என்றாள். சிரித்தாள். பிறகு, வீடு போய்விடுமா என்று மெதுவாகக் கேட்டாள். நான் கதையின் அமைப்பைப் பற்றி ஏதோ பேசினேன்.

4

முடிவுகள். ஒன்று: கெங்கம்மா வீட்டைக் காலி செய்கிறாள், பிறர் பாடம் கற்கிறார்கள். கமிட்டிக்குப் பிடிக்கும். இரண்டு: ஆசிரியர் தன் பெயரைக் காரணமாக எழுதுகிறார். உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் எழுதப்போவது உங்கள் பெயர் அல்ல. மூன்று: [இந்த வாக்கியம் முடியவில்லை]

சனிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘காரணம்’ என்ற சொல்லுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன். ஒரு சொல் கொள்ளும். உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. அமைப்பைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோதே மேஸ்திரி ஞானதுரை புதுத் தாளோடு உள்ளே வந்தார். எரிந்ததற்கு மாற்று. இந்தத் தடவை நான்கு மூலையிலும் ஆணி அடிக்கப்போவதாகப் பெருமையாகச் சொல்லி, அடுப்புக்கு மேலே அதே இடத்தில் தாளை வைத்துப் பிடித்தார்.

கெங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது நைனா. மொத விதில இன்னா போட்டுகீது? சத்தமா படி, மேஸ்திரியும் கேக்கட்டும்.”