நாலு அங்குலத் தகராறு

வெண்டலும் மார்லாவும் மூன்று வாரமாக எலியும் பூனையுமாக இருந்தார்கள். காரணம் இன்னொருத்தி இல்லை, குடி இல்லை, பிள்ளைகளும் இல்லை. வாசலில் நிற்கும் பிக்கப் வண்டியை நாலு அங்குலம் தூக்குவதா வேண்டாமா என்பதுதான் சண்டை. அமெரிக்காவில், யூட்டாவின் அந்தச் செம்பாறைப் பக்கத்தில் இதற்காக ஒரு குடும்பம் உடைந்தால்கூட யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள்.

வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. ஒரு ஆணிகூட மாற்றவில்லை. அதை வைத்துக்கொண்டே இருவரும் ஊரைச் சுற்றி வண்டி ஏற்றி விளையாடும் பாறைத் தடங்களில் பாதிக்கு மேல் ஏறி இறங்கியிருந்தார்கள். ஆனால் வெண்டலுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் கோல்பி. ஊர் எல்லையில் லிஃப்ட் போடும் பட்டறை வைத்திருந்தான். ஸ்பிரிங்கை மாற்றி, நடுவில் கட்டை கொடுத்து, யானைக்கால் டயரை மாட்டி, வண்டியை அந்தரத்தில் நிறுத்துவது அவன் பிழைப்பு. பார்க்கிறபோதெல்லாம் அண்ணனின் வண்டியைக் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டுவான். கேட்டுக் கேட்டு வெண்டலுக்கும் தன் வண்டி குள்ளமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மார்லாவுக்கோ போன வருடம்தான் முழங்காலில் அறுவை நடந்திருந்தது. இப்போதே கைப்பிடியில் தொங்கித்தான் வண்டிக்குள் ஏறுகிறாள். நாலு அங்குலம் தூக்கிப் பெரிய டயரும் போட்டால் இருக்கை அவள் நெஞ்சு மட்டத்துக்குப் போய்விடும்.

"ஸ்டூல் ஒண்ணு வாங்கித் தரேன், போதுமா?" என்றான் வெண்டல்.

"வளைவுக்கு வளைவு இறங்கி ஏறுறவ நான். ஸ்டூலைக் கக்கத்துல இடுக்கிட்டு அலையணுமா?"

"அப்ப இறங்காத. வண்டியிலயே உக்காரு."

"அப்ப உனக்கு யார் கை காட்டுறது?"

"உசரமான வண்டிக்குக் கை காட்ட ஆளே வேண்டாம். நீ வீட்லயே இரேன். யார் உன்னை வரச் சொன்னா?"

அது அவளைச் சுட்டது. சட்டுவத்தை அடுப்பின் மேலேயே போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய் நின்றாள்.

பாறைத் தடத்தில் ஓட்டுகிறவனுக்குத் தன் முன்சக்கரம் தெரியாது. கண் முன்னால் வானமும் பானட்டும்தான் தெரியும். அதனால் ஒருவர் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கம் ஒடி, நில் என்று கை காட்ட வேண்டும். ஒரே ஒருவர்தான் காட்ட வேண்டும். ஓட்டுகிறவன் அந்த இரண்டு கைகளைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது, அந்தக் கை சொன்னதற்கு மாறாக ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. நகர்ந்தால் முன்னால் நிற்கிறவர் நசுங்கிச் சாவார். கல்யாணமான நாளிலிருந்து வெண்டலுக்கு முன்னால் நின்றவள் மார்லா. ஆக, அவன் தூக்க நினைத்தது வண்டியை மட்டும் அல்ல. அவளை இறக்கிவிடுவதும் அதோடு சேர்ந்ததுதான். அது அவளுக்கும் தெரிந்தது, வெட்கம் கெட்டவன், அவனுக்கும் தெரிந்தது.

கடைசியில் அவள்தான் ஒரு முடிவு சொன்னாள். "சனிக்கிழமை நம்ம வண்டி கிளப்போட செத்த கழுதைத் தடம் போறோம்ல? அங்க மூணு படிப் பாறை இருக்கு. வண்டி இப்ப இருக்கிற மாதிரியே அதுல ஏறிடுச்சுன்னா, சாகுற வரைக்கும் நீ லிஃப்ட்னு வாயைத் திறக்கக் கூடாது. அடி தட்டுச்சுன்னா திங்கக்கிழமை நானே கொண்டுபோய் உன் தம்பி பட்டறைல விடுறேன். விட்டுட்டு வீட்ல உக்காந்துக்கிறேன்."

வெண்டல் உடனே சரி என்றான். எதற்கும் எளிதில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தடத்தின் வாயில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பாறையில் பிடிப்புக் கிடைக்க, எல்லோரும் குந்தி உட்கார்ந்து டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள். கிளப்புக்குத் தலைவி நொரீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தொண்டையும் பஸ் ஹாரன் மாதிரிதான். "குப்பை போடாதீங்க, செடி மேல ஏத்தாதீங்க, முன்னாடி நிக்கிறவங்க சொன்னதைக் கேளுங்க. கேக்க மாட்டேங்கிறவங்க இப்பவே திரும்பிப் போயிடலாம்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான்.

வண்டிகள் கிளம்பின. எல்லா வண்டியிலும் ரேடியோ இருந்தது, ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும். கோல்பி அதற்காகவே பேசுவான்.

"என்ன மார்லா, வயித்தைத் தேய்ச்சுக்கிட்டே வர்றீங்களா? சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

மார்லா மைக்கை எடுத்தாள். "உன் வண்டியோட பின் அச்சு நடுவுல உருண்டையா ஒண்ணு தொங்குதே, லிஃப்ட் போட்டதும் அது மேல போயிடுச்சா கோல்பி? அது இருந்த இடத்துலயேதானே கிடக்கு. உசந்தது உன் தலை மட்டும்தான்."

ரேடியோவில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"டயர் பெருசா போட்டா உருண்டையும் உசரும். விவரம் தெரியாம பேசாதீங்க."

"அப்ப டயரை மட்டும் மாத்திட்டுப் போ. அதுக்கு எதுக்குடா வண்டியக் கொண்டுபோய் மரத்து மேல உக்கார வெக்கிற? போன தடவை சரிவுல சாய்ஞ்சப்ப நீ கத்தினதை நாங்க கேக்கலன்னு நினைச்சியா?"

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. வெண்டல் அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி மாட்டினான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"அவன் பிழைப்பைக் கெடுக்கிறதுல உனக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?"

"என் இடத்தை அவன் கெடுக்கிறானே, அது உனக்கு உறைக்கலையா?"

"உன் இடம், உன் இடம்! காது புளிச்சுப் போச்சு. அவனவன் என்னைப் பாத்து, பொண்டாட்டி கை ஆட்டினாத்தான் வெண்டல் ஓட்டுவான்னு கேலி பண்றான்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இதை அவன் சொன்னதே இல்லை. யார் கேலி பண்ணினார்கள் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அதற்குள் மூன்று படிப் பாறை வந்துவிட்டது.

அந்தப் பாறை பேருக்கேற்ற மாதிரி மூன்று படியாக ஏறும். வலது பக்கம் செங்குத்தான பாறைச் சுவர். அதை ஒட்டி நேராக ஒரு பள்ளம் போகும், பார்க்க ராஜபாட்டை மாதிரி இருக்கும், நம்பிப் போனால் நீள வண்டியின் வயிறு படியில் உட்கார்ந்துவிடும். இடது பக்கம் சாய்வான பலகைப் பாறை. இடது சக்கரத்தை அதன் மேல் ஏற்றிவிட்டால் வண்டி பயமுறுத்துகிற மாதிரி சாயும், ஆனால் அடி தட்டாது. கோல்பி அதன் வழியாகத்தான் ஏறினான். அவன் வண்டி உயரத்துக்கு அது சாய்ந்த சாய்வில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே போய் இறங்கியதும் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டதை மார்லா பார்த்தாள்.

வெண்டலின் முறை வந்தது. மார்லா இறங்கி, ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி மேலே போய், சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். வலது முன்சக்கரம் அங்கிருந்துதான் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒதுங்க இடம் கொஞ்சம்தான். அவன் இடது பக்கம் போகும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இரண்டு கையையும் தூக்கினாள். வா, வா, மெதுவா. முதல் படியில் வண்டி பூப்போல ஏறியது. நில். இப்போது இடது பக்கம் ஒடி, முழுசா ஒடி. கையை அகல வீசிக் காட்டினாள்.

வெண்டல் அவள் கையைப் பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். உதட்டை ஒரு மாதிரி இறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து மிதித்தான்.

பின் சக்கரம் பாறையைச் சுரண்டிக்கொண்டு அலறியது. வண்டி சுவரை ஒட்டிய பள்ளத்தில் பாய்ந்து எகிறியது. பம்பர் தன் மார்புக்கு நேராக வருவதைப் பார்த்த மார்லா பின்பக்கமாகத் தாவினாள். தாவினாள் என்று எங்கே சொல்வது, விழுந்தாள். அறுவை செய்த முழங்கால்தான் முதலில் பாறையில் மோதியது. அவள் நின்றிருந்த இடத்தில் வண்டியின் மூக்கு இருந்தது. அதற்குள் வயிறு படியில் மோதிப் பெரிய சத்தத்தோடு வண்டி உட்கார்ந்துவிட்டது. இல்லாவிட்டால் இன்னும் ஒரு முழம் வந்திருக்கும்.

வெண்டல் கதவைத் திறந்து குதித்தான். அவளிடம் வரவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"பாத்தீங்களா? பாத்தீங்கல்ல? லிஃப்ட் இல்லாம ஏறாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு. பாவி, அடி பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நொரீன்தான் ஓடிவந்து மார்லாவைத் தூக்கி நிறுத்தினார். பேன்ட் கிழிந்து முழங்காலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

கோல்பி வண்டிக்கு அடியில் கையை விட்டு அளந்தான். "நாலு இஞ்ச் இருந்திருந்தா தாண்டியிருக்கும்" என்று ஆரம்பித்தவன், மார்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"நான் எந்தப் பக்கம் காட்டினேன், வெண்டல்?" என்று கேட்டாள் மார்லா.

"வெயில் கண்ணுல அடிச்சுது. உன் கை சரியாத் தெரியல."

"வெயில் உன் முதுகுல அடிக்குதுப்பா" என்றார் நொரீன். "மேல நின்ன என் கண்ணுலதான் அடிக்குது. எனக்கே அவ கை தெரிஞ்சுது."

பின்னால் வந்தவர் கேபிளை மாட்டி வண்டியைக் கீழே இழுத்துவிட்டார். கதவுக்கு அடியில் தகடு நெளிந்திருந்தது. ஓடுவதற்குக் குறை ஒன்றும் இல்லை.

"திரும்பவும் ஏத்தணும்" என்றார் நொரீன். "வெண்டலுக்கு முன்னாடி யார் நிக்கிறீங்க?"

கூட்டத்தில் ஒரு கைகூட உயரவில்லை. ஒருவர் ஐஸ் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். ஒருவர் தன் டயரை உதைத்துப் பார்த்தார். கோல்பி தொப்பியைக் கழற்றி மாட்டினான். வெண்டல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"என்னய்யா இது? ஒரு தடவை கை தப்பிப் போச்சு. அதுக்குப் போயி..."

"சாவியக் குடு" என்றாள் மார்லா.

"உன்னால முடியாது. கால் வீங்கியிருக்கு."

"குடு."

வாங்கிக்கொண்டு கைப்பிடியில் தொங்கி ஏறினாள். வலியில் உயிர் போயிற்று. அதை முகத்தில் காட்டவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"இப்ப நீ போய் நில்லு. நீ கை காட்டு, நான் ஓட்டறேன்."

வெண்டல் மேலே போனான். இடது பக்கம் தள்ளி, ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கினான்.

"அங்கேர்ந்து சக்கரம் தெரியாது. நான் நின்ன இடத்துல வந்து நில்லு."

"இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது."

"எனக்கு நீ தெரியல. முன்னாடி வா."

இரண்டு எட்டு எடுத்து வைத்தான். சுவரைப் பார்த்தான், பம்பரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அதோடு நின்றுவிட்டான்.

"நீ இப்ப கோவத்துல இருக்க, மார்லா."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வண்டி ஓட்டுகிறவள் நினைத்தால் முன்னால் நிற்கிறவனை என்ன செய்யலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வெயிலாம், கையாம், தப்பிப் போச்சாம்! வாயால் ஒத்துக்கொள்ளாததை எல்லாம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றே ஒத்துக்கொண்டுவிட்டான்.

"ஏத்திடுவேன்னு பயமா இருக்கா?" என்று கேட்டாள். எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டாள். "இத்தனை வருஷம் உன் வண்டிக்கு முன்னாடி நின்னேனேடா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் உன்னை அப்படி நினைச்சிருப்பேனா?"

வெண்டல் அந்த இடத்தில் வந்து நிற்கவில்லை.

"தள்ளு" என்று சொல்லிக்கொண்டே நொரீன் அவனைத் தாண்டிப் போய், சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "வாம்மா. அவசரமே இல்ல."

மார்லா அந்தக் கிழட்டுக் கைகளை மட்டும் பார்த்தாள். வா என்றபோது வந்தாள், நில் என்றபோது நின்றாள், ஒடி என்றபோது இடது பக்கம் முழுசாக ஒடித்தாள். வண்டி சாய்ந்தது, கண்ணாடி வழியே தரை தெரிந்தது. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. கம்பெனி கொடுத்த அதே உயரத்தில், எங்கேயும் ஒரு உரசல் சத்தம்கூட இல்லாமல் வண்டி மேலே போய் நின்றது. யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற மாதிரி யாருடைய மனசும் இல்லை.

வெண்டல் மேலே ஏறி வந்து மறுபக்கக் கதவின் கைப்பிடியை இழுத்தான். கதவு பூட்டியிருந்தது.

"திற, மார்லா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ கோல்பி வண்டில ஏறிக்கோ. உனக்குப் பிடிச்ச உசரம்."

"விளையாடாத. அப்ப வீட்டுக்கு எப்படி வர்றது?"

"வராத. திங்கக்கிழமை என் வண்டி எந்தப் பட்டறைக்கும் போகாது. உன் துணிமணியத்தான் மூட்டை கட்டி வெச்சிருப்பேன். வந்து தூக்கிட்டுப் போ."

வெண்டல் கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தான். மார்லாவின் கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நொரீன் முன்னால் போய் நின்று அடுத்த வளைவுக்குக் கை காட்டினார். மார்லா கியரைப் போட்டு அந்தக் கை காட்டிய பக்கமாக வண்டியை ஒடித்தாள்.