பதினொரு ஜாக்கெட்

தேர்வுக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் பதினொரு பேருக்குப் பூஜ்யம்.

சேலையூரில் ஒரு தனியார் பயிற்சி மையம். பல வருடம் தையல் வேலை பார்த்தவர்களுக்கு வகுப்பு எதுவும் எடுக்காமல் நேரடியாகச் செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் எங்கேயும் தையல் ஆசிரியையாகச் சேர முடியும். பரிதாவுக்கு அப்படி ஒரு வேலை படப்பையில் காத்திருந்தது. கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடையில் பதினெட்டு வருடமாகத் தைத்து அவளுக்கு முதுகு போய்விட்டது. நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்கும் வேலை என்றதும் ஆசைப்பட்டாள்.

வினாத்தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘கொடுக்கப்பட்ட துணியில் ஒரு ஜாக்கெட் வெட்டித் தைக்கவும். கால அளவு: நான்கு மணி நேரம்.’ பரிதாவுக்குச் சிரிப்பு வந்தது. நாலு மணி நேரத்தில் அவள் மூன்று ஜாக்கெட் தைப்பாள். இருந்தாலும் தேர்வாயிற்றே என்று நிதானமாக கிராஸ் கட்டிங் போட்டு, கழுத்துக்கு பைப்பிங் வைத்து, ஊக்குப் பட்டியைக் கையால் ஹெம்மிங் செய்து, மீந்த துணியை மடித்து மேலே வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் சுவரில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயருக்கு நேரே முட்டை.

தேர்வாளர் ஜெயகிருஷ்ணன் உள்ளே இருந்தார். ஏற்றுமதி கம்பெனியில் இருபது வருடம் தரம் பார்த்தவர். பரிதா கேட்டதும் மேஜை மேலிருந்த பையிலிருந்து அவள் தைத்ததை எடுத்து விரித்தார்.

“வேலை சுத்தம்மா. ஆனா இது பிளவுஸ். நாங்க கேட்டது ஜாக்கெட். பன்னெண்டு பேர்ல ஒருத்தர்தான் அதைத் தச்சிருக்காங்க.”

“இது ஜாக்கெட் இல்லாம இன்னா சார்?”

“ஜாக்கெட்னா கோட் மாதிரி. காலர் இருக்கும், உள்ள லைனிங் இருக்கும், முன்பக்கம் திறந்து மூடற மாதிரி இருக்கும்.”

“எங்க ஜாக்கெட்டும் முன்னாடிதான் சார் திறக்குது.”

பின்னால் நின்றிருந்த யாரோ சிரித்துவிட்டார்கள். ஜெயகிருஷ்ணனுக்கு முகம் சிவந்தது. “ரெண்டு மீட்டர் துணி குடுத்தோமே, பிளவுஸுக்கு எதுக்கு ரெண்டு மீட்டர்னு யோசிக்க வேணாமா? பதினெட்டு வருஷமா தைக்கறேங்கறீங்க. தைக்கற பொருளோட பேரே தெரியல. நாளைக்கு நீங்க போய் நாலு பேருக்கு என்ன சொல்லிக்குடுப்பீங்க?”

பூஜ்யத்தைக்கூடப் பரிதா பொறுத்திருப்பாள். பெயர் தெரியாதவள் என்றது அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. பதினெட்டு வருடமாக அவள் கடைக்கு வந்தவர்களில் ஒருத்திகூட “பிளவுஸ் தைக்கணும்” என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அளவு ஜாக்கெட் கொண்டு வருவார்கள். கல்யாண ஜாக்கெட், பட்டு ஜாக்கெட், போன தீபாவளிக்குத் தைத்து இந்தத் தீபாவளிக்கு இறுக்கிப் பிடிக்கிற ஜாக்கெட். இதெல்லாம் ஒரே நாளில் பெயர் இல்லாமல் போய்விட்டதா?

வெளியே வந்தபோது தபீதாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து தேர்வு எழுதியவள். அவளுக்கும் முட்டைதான்.

“வுடுக்கா,” என்றாள் தபீதாள். “அடுத்த மாசம் திரும்ப எழுதலாமாம். கோட்டு தைக்க எங்கனா கத்துக்கினு வந்துடலாம்.”

“நான் எழுத மாட்டேன்.”

“அப்புறம் சர்ட்டிபிகேட்டுக்கு இன்னா பண்ணுவ?”

“ஜாக்கெட் தைக்கச் சொன்னாங்க. தச்சோம். தப்பு இருந்தா தையல்ல காட்டட்டும். பேர்ல தப்புன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் பொரிந்து தள்ளினாள். கணவன் சௌகத் அலி முடிச்சூர் ரோட்டில் லாரி மெக்கானிக். கை கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

“அந்தாளு லாரி இன்ஜினைப் பார்த்ததே இல்லையா? அதுலயே வாட்டர் ஜாக்கெட் கீது. இன்ஜின் சூடாவாம தண்ணி சுத்தி ஓடற எடம். அதுக்குக் காலரும் இல்ல, கையும் இல்ல.”

“நெஜமாவா?”

“முப்பது வருஷமா அதைத்தானே கழட்டி மாட்டிக்கினு கீறேன்.”

மகள் சோயா கல்லூரியில் இரண்டாம் வருடம். போனில் அகராதியைத் திறந்து அவளும் சேர்ந்துகொண்டாள். புத்தகத்தின் மேலுறைக்கும் ஜாக்கெட், தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலுக்கும் ஜாக்கெட், தண்ணீரில் மூழ்காமல் மிதக்கப் போட்டுக்கொள்வதும் ஜாக்கெட். இங்கிலீஷ்காரனே அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்துதான் வாங்கியிருக்கிறான்.

“அங்க ஜாக்குன்னு ஒரு பேராம்மா. சாதாரண குடியானவங்களை எளக்காரமா அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். அவங்க போட்ட குட்டைச் சட்டைக்கு அந்தப் பேர் வந்திருக்கலாம்னு போட்டிருக்கு.”

“இருக்கலாம்னா?”

“உறுதியா தெரியாதாம்.”

“பிளவுஸ்னு போட்டுப் பாரு.”

சோயா பார்த்தாள். சிரித்தாள். “அதுவும் பிரெஞ்சுதான். ஆனா அதுக்கு முன்னாடி எங்கிருந்து வந்ததுன்னு யாருக்குமே தெரியாதாம்.”

“ரவிக்கை?”

“தெலுங்குலயும் இருக்கும்மா, ரவிக்கன்னு.”

பரிதா தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். எவனோ கூலிக்காரனைக் கேலி செய்த பெயர். அது கடல் தாண்டி வந்து, இந்த ஊர்ப் பெண்கள் உடம்பில் ஏறி, நூறு வருடமாவது ஆகியிருக்கும். இப்போது ஒருத்தர் வந்து, அது உங்களுடையது இல்லை, கழற்றிக் கொடு என்கிறார்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, மறுபடி திருத்தச் சொல்லி மையத்துக்கு மனு எழுதினாள். மற்ற பத்து பேரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க நான்கு நாள் ஆனது. திருநீர்மலையில் ஒருத்தி, குரோம்பேட்டையில் இரண்டு பேர். ஞானாம்பாள் என்ற பெண் மட்டும் கடைசிவரை தயங்கினாள். “அவங்களைப் பகைச்சுக்கிட்டா அடுத்த தடவையும் தர மாட்டாங்க,” என்றாள். பரிதா அவளை வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் ஞானாம்பாளே கடை வாசலில் வந்து நின்று பேனாவைக் கேட்டாள்.

மனு கொடுத்த மூன்றாம் நாள் மையத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் குரலில் தேன் சொட்டியது. பரிதாவின் வேலைப்பாடு மிக நன்றாக இருந்ததாம். அவளுக்கு மட்டும் விதிவிலக்காகத் தேர்ச்சி போட்டுவிடலாமாம். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டால் போதும்.

“மத்த பத்து பேரு?”

“அவங்க அடுத்த பேட்ச்ல எழுதிக்கட்டும் மேடம்.”

பரிதா போனைக் கையால் மூடிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். “வாங்கிக்கயேன்,” என்றான் சௌகத் அலி மெதுவாக. “படப்பைல எவ்ளோ நாள் காத்துகினு இருப்பாங்க? உன் முதுகு கீற நெலமைல…”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. கையை எடுத்துவிட்டு, “பதினொரு பேரும் தச்சது ஒரே ஜாக்கெட்தாம்மா,” என்றாள் போனில். “எனக்கு அது ஜாக்கெட்னா அவங்களுக்கும் ஜாக்கெட்தான்.”

அன்று இரவு வரை சௌகத் அலி அவளோடு பேசவில்லை. மையம் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த சனிக்கிழமை காலையில், தானே வண்டியை எடுத்து, “ஏறு,” என்றான்.

விசாரணை என்றுதான் பெயர். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெயகிருஷ்ணனும் மையத்தின் இயக்குநர் நித்யஸ்ரீயும். இந்தப் பக்கம் பரிதா. வேலையை விட்டு வர முடிந்த ஏழு பேர் சுவரோரம் நின்றார்கள். ஜெயகிருஷ்ணன் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து கோட்டுப் படத்தைக் காட்டினார்.

“தொழில்ல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் மேடம் இருக்கணும். இல்லன்னா ஆர்டர் எடுக்கவே முடியாது.”

“சரி சார்,” என்றாள் பரிதா. “லாரி இன்ஜின்ல தண்ணி ஓடற எடத்துக்குப் பேரு இன்னா?”

“அது வேற.”

“புக்கு மேல போடற அட்டைக்கு?”

“அதெல்லாம் வேற விஷயம்மா. இங்க பேசறது துணி.”

“இன்ஜினுக்கு வேற, புக்குக்கு வேறன்னு ஒத்துக்கறீங்க. எங்களுக்கு வேறன்னா மட்டும் பேர் தெரியாதவங்களா? நீங்க சொல்ற அர்த்தம் தப்புன்னு நான் சொல்லல சார். எங்களது தப்புன்னு நீங்க சொல்லாதீங்க.”

பரிதா நித்யஸ்ரீ பக்கம் திரும்பினாள். பட்டுக்கரை வைத்த காட்டன் புடவை கட்டியிருந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். கொலுவுக்கு வர்றவங்களுக்கு வெத்தலை பாக்கோட இன்னா வச்சுக் குடுப்பீங்க?”

“ஜாக்கெட் பிட்,” என்றார் நித்யஸ்ரீ. சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது போலிருந்தது. சுவரோரம் தபீதாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நித்யஸ்ரீ சிரிக்கவில்லை. ஜெயகிருஷ்ணனைப் பார்த்தார். “தமிழ்ல வினாத்தாள் யார் எழுதினது?”

“ஹெட் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல வந்தது. இங்கதான் மாத்தினோம்.”

“கோட்டுன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம் இல்லையா?”

ஜெயகிருஷ்ணன் புத்தகத்தை மூடினார். நித்யஸ்ரீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினொன்றையும் ஜாக்கெட்டாகவே எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்குரிய விதிப்படி மறுபடி மதிப்பெண் போடச் சொன்னார். இனிமேல் குழப்பம் வராமல் வினாத்தாளில் ‘பிளவுஸ்’ என்றே போட்டுவிடலாம் என்றார்.

“வேணாம் மேடம்,” என்றாள் பரிதா. “எங்களுக்கு ஜாக்கெட்னே போடுங்க. சார் கேக்கறதுக்கு கோட்டுன்னு போடுங்க.”

“அதை நாங்க முடிவு பண்ணிக்கறோம்மா,” என்றார் நித்யஸ்ரீ, கொஞ்சம் கறாராக. ஆனாலும் எதிரே இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அன்றே திருத்தினார்கள். ஜெயகிருஷ்ணன் ஒவ்வொன்றையும் உள்பக்கம் புரட்டி, டேப் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தையலை மட்டும் பார்த்தார். பத்து பேர் தேறினார்கள். கை இரண்டும் ஒரே அளவில் இல்லாத ஒருத்தி மட்டும் தேறவில்லை. அவளே, “அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்,” என்று ஒத்துக்கொண்டாள். தபீதாளுக்குத் தொண்ணூற்றொன்று. அவள் நம்பாமல் இரண்டு தரம் கேட்டாள்.

பரிதாவுக்கு எழுபத்தெட்டு.

“எங்க சார் கொறஞ்சுது?”

ஜெயகிருஷ்ணன் ஜாக்கெட்டை அவள் பக்கம் தள்ளினார். “இடது அக்குள். நீங்களே பாருங்க.”

பரிதா விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள்.

வண்டி சேலையூர் சிக்னலைத் தாண்டியது.

“இன்னாடி, ஜெயிச்சுட்டு மூஞ்சத் தூக்கி வச்சுகினு கீற?” என்றான் சௌகத் அலி.

“எழுபத்தெட்டுதான் போட்டாரு. அக்குள்ல இழுக்குதாம்.”

“இழுக்குதா?”

“இழுக்குது,” என்றாள் பரிதா.