தரையில் வைக்காத கட்டில்

என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வனுக்குக் கணக்குப் போடாவிட்டால் சோறு இறங்காது. கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நான் வாசல்படி ஏறினால்கூட, "கொளஞ்சி, நில்லு" என்று என் எடை, படியின் உயரம், ஆன நேரம் எல்லாம் கேட்டு, இத்தனை வாட் என்று சொல்லுவார். நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்த வாரத்தில் எனக்கு வலி கண்டது. பஸ் இல்லை. மருத்துவச்சி தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தப்பாது என்றாள். கயிற்றுக் கட்டிலில் கழிகளைக் கட்டினார்கள். சுமக்க எட்டுப் பேர் வந்தார்கள். இவர் நாலு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இறக்கத்தில் புவியீர்ப்பே வேலையைப் பார்த்துக்கொள்ளுமாம். சமதரையில் சுமந்து நடப்பதற்கு இயற்பியல் கணக்கில் வேலை பூஜ்யமாம். எதற்கு இத்தனை பேர் என்றார். அந்த வலியில் எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை.

மலையை இறங்குவதற்குள்ளேயே நால்வருக்கும் முழங்கால் வெடவெடத்தது. கச்சிராயபாளையம் தாண்டியதும் கட்டில் ஆடத் தொடங்கியது. கொஞ்சம் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொள்ளச் சொன்னார் இவர். முன்னால் சுமந்த சின்னராசு மறுத்துவிட்டார். நடுவழியில் இறக்கிவைப்பது பாடையைத்தான். உயிரோடு இருப்பவளைத் தரையில் வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. இவர் சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கழிக்கு அடியில் நுழைந்தார். பூஜ்யம் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வளைவில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே வெட்டுண்டு கிடந்தது. மறித்தவர்கள் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். விடமாட்டார்களோ என்று எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவர்களில் பெரியவரான சுப்புராயன் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நாங்க மறிச்சது பஸ்ஸத்தாம்மா. பொறக்க வர்ற புள்ளைய இல்ல" என்றார்.

கட்டில் கைமாறி மரத்தைத் தாண்டியது. ஒருவர் சைக்கிளில் முன்னால் போய்ச் சொல்ல, வழியில் கிடந்த ஒவ்வொரு மரத்தருகிலும் புதுத் தோள்கள் காத்திருந்தன. ஆஸ்பத்திரி வாசல்வரை கட்டில்கால் தரையில் படவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது இவர் எங்கள் மகளை ஏந்திக்கொண்டு நின்றார். தோளில் தோலுரிந்து சிவந்திருந்தது. குழந்தையைத் தொட்டிலில் போடச் சொல்லி நர்ஸ் அலுத்துப் போய்விட்டாளாம்.

"கை வலிக்கலயாங்க?" என்று கேட்டேன்.

"சும்மா புடிச்சிக்கினு நிக்கறதுக்குக் கணக்குப்படி பூஜ்யந்தான், கொளஞ்சி" என்றார். "ஆனா வலிக்குது. வலிச்சாலும் கீழ வெக்க மாட்டேன்."