நாற்பத்திரண்டாம் இடம்

மரபணு வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் ரிப்போர்ட்டை நான்காவது தடவையாகப் பார்த்தேன். புரதத்தின் நாற்பத்திரண்டாம் இடத்தில் ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அலனின் வைத்தாயிற்று என்றுதான் மூன்று வருடமாக நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பே டிரான்ஸ்போசேஸ் என்கிற புரதம். டிஎன்ஏவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து வேறோர் இடத்தில் செருகும். வெட்டுவதற்கு முன்னால் டிஎன்ஏவைக் கெட்டியாகப் பற்ற வேண்டும். புரதத்தில் எந்த இடத்தை மாற்றினால் அந்தப் பற்று போய்விடுகிறது என்பது என் ஆய்வு. இரண்டையும் கலந்து ஜெல்லில் மின்சாரத்தால் ஓடவிட்டால், புரதம் பற்றிய டிஎன்ஏ நகர முடியாமல் மேலேயே தங்கிவிடும். பற்றாதது அடிக்கு ஓடிவிடும். நாற்பத்திரண்டை மாற்றியும் டிஎன்ஏ மேலேயே தங்கியது. எல்லாருக்கும் ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தை நம்பித்தான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தையே எழுதினேன். மாற்றமே செய்யாத புரதம் பற்றாமல் பின்னே என்ன செய்யும்?

மாற்றிய மரபணு என்று சொல்லி அந்தக் குழாயைக் கொடுத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, நான்கு வருடம் மூத்த மாணவி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது விடுதி அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள். குழாயின் மூடியில் அவளுடைய குண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு டிக். சீக்வென்ஸ் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அக்கா போட்ட டிக்கை நான் எதற்குச் சோதிக்கப்போகிறேன்? இப்போதுகூட ஆய்வேட்டில் இணைக்க ஒரு ரிப்போர்ட் வேண்டுமே என்றுதான் அனுப்பினேன்.

அக்கா இப்போது இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் விஞ்ஞானி. தாளை அவள் மேசையில் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுக்கவேயில்லை.

"எப்பக்கா தெரியும்?"

"உங்கிட்ட குடுத்த அடுத்த மாசமே."

"டிக் போட்டிருந்தீங்களே!"

"அவசரத்துல போட்டுட்டேன்டி. அப்புறம் பாத்தா தப்பா இருக்கு. அந்தக் குழாய வச்சு எழுதின என் பேப்பர் வந்தாச்சு, பிஎச்.டி. வைவாவுக்குத் தேதியும் குறிச்சாச்சு. நம்ம கைடு சார்கிட்ட சொல்லியிருந்தா இன்னும் ஒரு வருஷம் இழுத்தடிச்சிருப்பாரு. எப்படியும் நீ ஒருதரம் செக் பண்ணுவன்னு நெனச்சேன்."

"போன மாசம் செமினார்ல இதப்பத்தி நான் பேசினப்போ முன்வரிசைல உக்காந்து கை தட்டினீங்கக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவி! மூன்று வருடம் நான் போட்ட ஆட்டத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் எதிரில் அழக்கூடாதென்று பல்லைக் கடித்தேன். படி இறங்கும்போது அழுதுவிட்டேன்.

பிறகு நானே அந்த இடத்தை மாற்றினேன். இரண்டு தடவை சீக்வென்ஸ் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், ஓடி முடித்த ஜெல்லைத் தட்டில் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். நான் கூப்பிடவில்லை.

புறஊதா விளக்கைப் போட்டேன். மாற்றாத புரதத்தின் தடத்தில் மட்டும் மேலே ஒரு கோடு. நான் மாற்றிய புரதம் போட்ட மற்ற ஏழு தடத்திலும் டிஎன்ஏ மொத்தமும் அடியில் கிடந்தது.

"என் பேப்பரும் போச்சு, இல்ல?" என்றாள்.

வெளியே சார் கதவைத் தட்டினார். "படம் வந்துடுச்சாம்மா?"

தட்டைக் கையில் எடுத்தேன். அக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"நகருங்கக்கா."

ஊதா வெளிச்சத்தில் அவள் பல் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சார் மறுபடி தட்டினார்.